சாயத் தண்ணீரும் அமலை வேரும்

என் சித்தி பனையோலைப் பெட்டி முடைபவர். திருச்செந்தூருக்குப் பக்கத்தில், செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய ஊர். கல்யாணச் சீர்ப் பெட்டி, கொட்டான், பலகாரப் பெட்டி என்று ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் புறவாசலில் அடுப்பு மூட்டி, அண்டாவில் சாயம் காய்ச்சி, குருத்தோலையை முக்கி எடுப்பார். ரோஸ், பச்சை, ஊதா. வேலை முடிந்ததும் அண்டாத் தண்ணீரும் ஓலை அலசிய தண்ணீரும் முருங்கை மூட்டில் போகும். இருபது வருடமாக இப்படித்தான்.

இந்த வருடம் பிப்ரவரியில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாளித் தண்ணீரோடு வந்து நின்றார். கிணற்றில் இறைத்த தண்ணீர். வெள்ளை வாளி என்பதால் தெரிந்தது: லேசான ரோஸ். "துணி துவைச்சா வெள்ளச் சட்டை எல்லாம் கலர் மாறுது மதினி" என்றார். சண்டையாக இல்லை, ஆனால் சண்டைக்கு முந்தின குரல். தேரி மணலில் ஊற்றினால் எதுவும் தங்காது, நேராகக் கீழே போய்விடும். முருங்கைக்கும் அந்தக் கிணற்றுக்கும் பன்னிரண்டு அடிதான் இருக்கும்.

நான் படித்தது வேதியியல், பார்ப்பது வேறு வேலை. அப்போது இரண்டு மாதம் ஊரில் இருந்தேன். "நீதான் படிச்சவன், ஏதாவது பண்ணுல" என்றார் சித்தி. அப்படித்தான் இது ஆரம்பித்தது.

நீர்த்தாவரங்களைக் காயவைத்துப் பொடித்தால் சாயத்தைப் பிடிக்கும் என்று கல்லூரியில் படித்த ஞாபகம் இருந்தது. தென்கால் வாய்க்கால் பக்கம் போனால் அமலைச் செடிக்குப் பஞ்சமே இல்லை. மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆகாயத்தாமரை அல்லது வெங்காயத்தாமரை என்றால் புரியும். (சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரை என்பது வேறு செடி, முட்டைக்கோஸ் மாதிரி இலை விரித்து மிதப்பது. நான் சொல்வது ஊதாப்பூ பூக்கிற, காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கிற தென் அமெரிக்கச் செடி.) ஜேசிபி வைத்து வாய்க்காலில் இருந்து அள்ளிக் கரையில் குவித்திருந்தார்கள். கேட்பாரில்லை. மூன்று சாக்கு கட்டி, பைக்கில் வைத்துக் கொண்டுவந்தேன். சாக்கடை கலக்கிற இடத்துச் செடியையும் தொழிற்சாலைக் கழிவு சேருகிற குளத்துச் செடியையும் எடுக்காதீர்கள். உயிரோடு இருக்கும்போதே உலோகங்களை வேரில் சேர்த்துவைத்துக்கொள்கிற செடி இது. வெறுங்கையால் அள்ளவும் வேண்டாம். செடிக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருக்கின்றன, முழங்கை வரை அரிக்கும். எனக்கு இரண்டு நாள் அரித்தது.

எந்தப் பாகம் நல்லது என்று பார்க்க இலை, காம்பு, வேர் மூன்றையும் தனித்தனியாகக் காயவைத்தேன். காம்பு உள்ளே பஞ்சு போல இருக்கும், காய்ந்தால் தெர்மாகோல் மாதிரி மேலேயே மிதக்கிறது. வேர்தான் சீக்கிரம் சாயம் பிடித்தது. தாடி போலத் தொங்குகிற வேர், இழை இழையாக இருப்பதால் பரப்பு அதிகம். ஆனால் அதில்தான் வண்டலும் அதிகம். ஏழு தண்ணீரில் அலசினேன். ஏழாவதிலும் கலங்கல் வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

கணக்கு இது: 25 கிலோ பச்சைச் செடி, அதில் வேர் 8 கிலோ, மொட்டை மாடியில் நான்கு நாள் காய்ந்த பிறகு 400 கிராம். இந்தச் செடியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான் என்று படித்திருந்தாலும், தராசில் பார்த்தபோது வயிறு எரிந்தது.

பொடிப்பது தனிக் கதை. மிக்ஸியில் போட்டேன், நார் பிளேடில் சுற்றி நின்றுவிட்டது. கருகல் வாடை வந்ததும் சித்தி மிக்ஸியைப் பிடுங்கிக்கொண்டார். மாவு மில்லில் "அடுத்தவன் மல்லிப்பொடில இந்த வாசம் வரும், கொண்டு போ" என்று சொல்லிவிட்டார்கள், நியாயம்தான். கடைசியில் உரலும் உலக்கையும். ரவை சலிக்கிற சல்லடையில் சலித்து, ரவை பருவத்தில் இருப்பதை வைத்துக்கொண்டு, மாவு போலப் போனதைத் தனியே ஒதுக்கினேன்.

முதல் சோதனை கேலிக்கூத்தானது. ஒரு லிட்டர் பச்சைச் சாயத் தண்ணீரில் 5 கிராம் பொடி போட்டுக் குலுக்கி வைத்தேன். அரைமணியில் பச்சை போயிற்று, ஆனால் தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்துவிட்டது. "சாயத்த எடுத்துட்டு டீ போட்டிருக்கியா?" என்றார் சித்தி. செடியில் இருக்கிற கறைப்பொருள்கள் தண்ணீரில் இறங்கியிருக்கின்றன. அப்படியே கொட்டினால் ஒரு கழிவை எடுத்து இன்னொரு கழிவைக் கலந்ததாகும். எனவே பொடியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வடித்து, மறுபடி போட்டு வடித்து, ஐந்து தடவைக்குப் பிறகு வடிநீர் தெளிந்தது. திரும்பக் காயவைத்தேன். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் மீதி எல்லாம் வீண்.

எவ்வளவு சாயம் போயிற்று என்று அளக்க ஆய்வகக் கருவி எதுவும் என்னிடம் இல்லை. நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிச் சின்ன தராசு ஒன்று வாங்கினேன். 0.1 கிராம் சாயப்பொடியை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம். அதை மருந்துக்கடைச் சிரிஞ்சால் அளந்து நீர்க்கவைத்து 50, 20, 10, 5, 2, 1, 0.5 என்று ஏழு பாட்டில் வரிசை. எல்லாம் ஒரே மாதிரி கண்ணாடி பாட்டில், பின்னால் வெள்ளைத்தாள். சோதிக்கிற தண்ணீர் எந்த பாட்டிலோடு ஒத்துப்போகிறது என்று கண்ணால் பார்ப்பது. போன் கேமராவை நம்பிப் பார்த்தேன். அது வெளிச்சத்துக்கு ஏற்றபடி தானே நிறத்தை மாற்றிக்கொள்கிறது, சித்தியின் கண் அதைவிடத் துல்லியம். முப்பது வருடம் நிறம் பார்த்த கண்.

கழுவிய பொடியோடு மறுபடி. பச்சை 50-இல் ஆரம்பித்தது, ஒரு மணி நேரத்தில் 1-க்கும் கீழே. ரோஸ் 50-இல் ஆரம்பித்தது, ஒரு மணி நேரத்தில் 20 பாட்டிலுக்குப் பக்கம், ராத்திரி முழுக்க ஊறியும் 10.

ஏன் இந்த வித்தியாசம் என்று உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பாடப்புத்தகத்தில் இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல உள்ளே இழுப்பது கிடையாது, வேட்டியில் வாழைக்கறை ஒட்டுவது போலப் பரப்பில் ஒட்டுவது. வேரில் இருக்கிற செல்லுலோஸ், லிக்னின் இவற்றின் பரப்பு தண்ணீரில் பொதுவாக எதிர்மின்னேற்றம் கொண்டிருக்கும். ஓலைக்குப் போடுகிற சாயங்கள் பெரும்பாலும் நேர்மின்னேற்றம் கொண்டவை. ஒட்டிக்கொள்ளும். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே சித்தி இடைமறித்து, "அப்போ ஓலையில ஏறுற சாயம் இந்த வேர்லயும் ஏறுது. இதுக்கு எதுக்குல இவ்வளவு பேச்சு?" என்றார். அதுதான். நான் செய்துகொண்டிருந்தது சுத்திகரிப்பு என்று பெரிய பெயர் வைத்துக்கொண்ட சாயம் காய்ச்சும் வேலை, ஓலைக்குப் பதில் வேர்.

ரோஸ் ஏன் அடம்பிடிக்கிறது? பொட்டலத்தில் சாயத்தின் பெயர் கிடையாது, வெறும் நிறம்தான். எனக்கு ரோடமின் பி என்று சந்தேகம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை வந்ததே, அதற்குக் காரணமான அதே சாயம். திருவிழாவில் வாங்கிய பச்சை லேசர் டார்ச் ஒன்று தம்பியிடம் இருந்தது. இருட்டறையில் ரோஸ் பாட்டிலுக்குள் அடித்தோம். பச்சைக் கோடு தண்ணீருக்குள் நுழைந்ததும் ஆரஞ்சாக எரிந்தது. பச்சை ஒளியை வாங்கிக்கொண்டு ஆரஞ்சாகத் திருப்பித் தருவது ரோடமினின் குணம். வீட்டளவுக்கு இந்தச் சாட்சி போதும். அந்த மூலக்கூறில் நேர்மின்னேற்றத்தோடு ஒரு அமிலத் தொகுதியும் தொங்குகிறது. சாதாரணத் தண்ணீரில் அது எதிர்மின்னேற்றமாகி, ஒட்டப்போகிற இடத்தில் தள்ளுமுள்ளு செய்யும். புளிப்புத் தண்ணீரில் அந்தத் தொல்லை குறையும்.

அதனால் புளிப்பு ஏற்றிப் பார்த்தேன். வினிகர் ஊற்ற ஊற்ற எங்கள் கிணற்றுத் தண்ணீர் அதை விழுங்கிக்கொண்டே இருந்தது, அவ்வளவு காரத்தன்மை. சிட்ரிக் அமிலம் லிட்டருக்கு 2 கிராம் போட்ட பிறகுதான் பிஎச் தாளில் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4-க்குக் கீழே இறங்கியது. ரோஸ் 10-இல் இருந்து 5-க்கு வந்தது. சரி, ஆனால் அந்தத் தண்ணீரை அப்படியே கொட்ட முடியாது, சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை அடக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் 60 லிட்டருக்கு இதெல்லாம் யார் செய்வது? அமிலத்தை விட்டுவிட்டேன்.

லேசரால் இன்னொரு காரியம் ஆயிற்று. ரோஸ் வரிசையின் 0.5 பாட்டில் வெள்ளைத்தாள் முன்னால் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரியும். லேசர் அடித்தால் ஆரஞ்சுக் கோடு பளிச்சென்று நிற்கிறது. கண்ணை மட்டும் நம்பியிருந்தால் "சுத்தமாகிவிட்டது" என்று அன்றைக்கே பதிவு எழுதியிருப்பேன்.

சுண்ணாம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. எதிர்வீட்டு மாமா, "பச்சைக்கு எதுக்கு வேரு, கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணி ஊத்துப்பா, ஓடிரும்" என்றார். ஊற்றினேன், உண்மையாகவே கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிட்டது. மாமாவுக்குப் பெருமை. மறுநாள் அதே பாட்டிலில் எலுமிச்சை பிழிந்து வைத்தேன், மெல்ல மெல்லப் பச்சை திரும்பி வந்தது. மாலகைட் பச்சை வகைச் சாயம் காரத்தில் நிறமற்ற வடிவத்துக்கு மாறி ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது பெரிய அளவில் செய்வது. எல்லோரையும் போல நானும் முதலில் வடிகட்டிதான் கட்டினேன். 20 லிட்டர் பெயின்ட் வாளி, அடியில் குழாய், கீழே ஜல்லி, அதன்மேல் மணல், நடுவில் துணி, அதற்குமேல் வேர்ப்பொடி, மறுபடி மணல். பார்க்க அழகு. முதல் நாள் ஒதுக்கிவைத்த மாவுப்பொடியையும் வீணாக்க வேண்டாம் என்று சேர்த்துவிட்டேன், இருபது நிமிடத்தில் அடைத்துக்கொண்டு சொட்டுக்கூட இறங்கவில்லை. பிரித்து ரவைப்பொடி மட்டும் போட்டுக் கட்டினேன். இந்தத் தடவை நன்றாக இறங்கியது, நிறத்தோடு சேர்ந்து இறங்கியது. வாளியை உடைக்காமல் சாய்த்துப் பார்த்ததில் தெரிந்தது, பொடி ஊறி நடுவில் இறுகி, சுவர் ஓரமாக ஒரு பாதை விட்டிருக்கிறது. தண்ணீருக்கு அந்தப் பாதை போதும். பொடியை எட்டிக்கூடப் பார்க்காமல் ஓரமாகப் போய்விட்டது.

வாளியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு பை தைத்தோம். ஒவ்வொன்றிலும் 150 கிராம் பொடி, தளர்வாக. பெரிய டீ பை மாதிரி. பிளாஸ்டிக் டிரம்மில் சாயத் தண்ணீரை ஆறவைத்து ஊற்றி, பையை அதில் தொங்கவிட்டு, போகும்போது வரும்போது ஒரு கம்பால் கிண்டிவிடுவது. இதில் ஒரு சின்ன தந்திரம் இருக்கிறது. ஏற்கனவே உழைத்த பையைப் புது சாயத் தண்ணீரில் முதலில் போட வேண்டும். அடர்த்தியான தண்ணீரில் அது இன்னும் கொஞ்சம் பிடிக்கும். மறுநாள் அதை எடுத்துவிட்டுப் புதுப் பையைப் போட வேண்டும், மிச்சம் மீதியை அது இழுக்கும். அந்தப் புதுப் பை அடுத்த தடவைக்குப் பழைய பை. ஒரே நேரத்தில் இரண்டு புதுப் பையும் போட்டதைவிட இப்படி மாற்றி மாற்றிப் போட்டதில் பொடி பாதிதான் செலவானது.

பாதி என்றாலும் ஒவ்வொரு சாயத்துக்கும் 150 கிராம், அதாவது பத்து கிலோ அமலை. நான் வேலைக்குத் திரும்பிப் போன பிறகு யார் சுமப்பது? இங்கே சித்தி ஒரு வேலை செய்தார். பெட்டி முடையும்போது கழிகிற ஓலைத் துண்டு, ஈர்க்கு எல்லாம் மூட்டையாகக் கிடக்கும். நல்ல ஓலையைச் சாயத்தில் இருந்து எடுத்தவுடன், அண்டா சூடாக இருக்கும்போதே அந்தக் கழிவு ஓலையை உள்ளே போட்டுக் கால்மணி நேரம் விட்டார். அண்டாவில் மிச்சமிருந்த நிறத்தில் பாதிக்கு மேல் அதில் ஏறிவிட்டது. வெளிர் ரோஸ் துண்டுகள் பெட்டி மூடியில் பூ வைக்க ஆயிற்று. என் வேர்ப்பொடி பிடித்ததைவிட இது அதிகம், செலவு ஒன்றும் இல்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

உப்பைப் பற்றிச் சொல்லவில்லையே. சித்தி அண்டாவுக்கு இரண்டு கை கல்லுப்பு போடுவார், சாயம் பிடிக்கும் என்று. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டரில் சாயத் தண்ணீர் 4,000-ஐத் தாண்டியது. பையில் இரண்டு நாள் ஊறி நிறம் போன பிறகும் அதே 4,000. வேர் உப்பைத் தொடவே இல்லை, தொடாது. நொய்யல் கரையில் நடந்ததும் இதுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரைக்கும் போன விவகாரத்தில் நிறம் கண்ணுக்குத் தெரிந்த பாதி, நிலத்தைக் கெடுத்த மறுபாதி உப்பு. திருப்பூரில் இருக்கிற நண்பன் ஒரு பாட்டில் பருத்திச் சாயக் கழிவு கொடுத்தனுப்பியிருந்தான், அதையும் போட்டுப் பார்த்தேன். வேர்ப்பொடி அந்த நிறத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பருத்திக்கான ரியாக்டிவ் சாயம் எதிர்மின்னேற்றம் கொண்டது, வேரும் அப்படியே. யாராவது திருப்பூர்ப் பக்கம் இந்தப் பொடியை அப்படியே விற்க வந்தால் ஒரு பாட்டிலில் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

ஆனால் எங்கள் அண்டாவுக்கு உப்பு எதற்கு? பருத்திக்கு உப்பு வேண்டும், அது சாயத்தை நூலுக்குத் தள்ளும். ஓலைச் சாயத்துக்கு உப்பு போட்டால், சோடியம் போய் ஒட்டுமிடத்தை அடைத்துக்கொண்டு சாயத்தைத் தாமதப்படுத்தும். பருத்திக்காரர்களைப் பார்த்து வந்த பழக்கமாக இருக்கலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். முப்பது வருடக் கையிடம் சொல்கிற விஷயமா இது? ஒரு தடவை, ஒரே ஒரு கட்டு ஓலைக்கு மட்டும் உப்பில்லாமல் காய்ச்சச் சம்மதித்தார். இரண்டு ஓலையையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுதான் தூக்கலா இருக்கு" என்று உப்பில்லாததைக் காட்டினார். அப்புறம் அண்டாவுக்கு உப்பு போகவில்லை. பையும் முன்னைவிட நன்றாகப் பிடிக்கிறது. டிடிஎஸ் இப்போது கிணற்றுத் தண்ணீருக்கு எவ்வளவோ அதைவிடக் கொஞ்சம்தான் கூட.

இடையில் உயிருள்ள செடியையும் விட்டுப் பார்த்தோம். 1970-களில் நாசா மிசிசிப்பியில் வீட்டுக் கழிவுநீர்க் குட்டைகளில் இந்தச் செடியை வளர்த்துச் சுத்தம் செய்தது, அதைப் படித்த தம்பியின் யோசனை. வீட்டுக் கழிவில் செடிக்குச் சாப்பாடு இருக்கிறது, சாயத்தில் என்ன இருக்கிறது? எட்டாம் நாள் இலை மஞ்சளித்து அழுகிவிட்டது. வேர் மட்டும் அழகான ஊதா. மிச்சச் செடியைக் குளத்தில் விடாமல் கொதிக்கிற வெயிலில் காயவைத்தோம். ஒரு துண்டு போதும், குளமே போய்விடும்.

இப்போதைய நிலவரம்: கழிவு ஓலை, பழைய பை, புதுப் பை. ரோஸ் தண்ணீர் 1-க்கும் 0.5-க்கும் நடுவில் வந்து நிற்கிறது. கடைசியாக மீன்தொட்டிக் கடையில் வாங்கிய கிளர்வுற்ற கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) ஒரு கைப்பிடி. லேசர்க் கோடு ஆரஞ்சில் இருந்து மங்கிப் பச்சைக்குப் பக்கத்தில் வருகிறது, முழுசாகப் பச்சையாகவில்லை. அந்தத் தண்ணீரைச் செடிக்கோ ஆட்டுக்கோ விடுவதில்லை. அடுத்த தடவை சாயம் காய்ச்ச அதே தண்ணீர்தான் அண்டாவுக்குப் போகிறது. ஓலை அலசுவதற்கு மட்டும் நல்ல தண்ணீர். முருங்கை மூட்டில் மார்ச்சில் இருந்து ஒரு சொட்டும் ஊற்றவில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றில் மே மாதம் லேசர் அடித்தபோது இன்னும் ஆரஞ்சு தெரிந்தது. மணலில் இருக்கிறது இறங்கி முடிய வேண்டும்.

தீராத ஒன்று உழைத்து முடித்த பொடி. சித்தி வாழைக்குப் போடலாம் என்றார். ஒரு பிடியை உப்புத் தண்ணீரில் போட்டுக் காட்டினேன், ரோஸ் கசிந்து வெளியே வந்தது. ஒட்டியது கழன்றும் வரும். மழை பட்டால் போதும். அடுப்பில் எரிக்கவும் மனம் வரவில்லை, அந்தப் புகையில் என்ன வரும் என்று யோசித்தால் சோறு இறங்காது. அதனால் காயவைத்து, உரச்சாக்கில் கட்டி, ஆட்டுக் கொட்டகைப் பரண்மேல் வைத்திருக்கிறோம். ஒன்றரைச் சாக்கு ஆகியிருக்கிறது. சாக்கின்மேல் சித்தி அடுப்புக்கரியால் பெரிதாக எழுதிவைத்திருக்கிறார்: "சாய வேரு. தொடாத."